செசானின் லெஸ்தாக் கடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு ஓவியர் போல் செசான் வரைந்த 'லெஸ்தாக்கிலிருந்து தெரியும் மார்செய் வளைகுடா' எனக்கு மிகவும் பிடித்த ஓவியங்களில் ஒன்று. யாரிடமாவது காட்டினால், "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் அப்படி என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அதுதான் தோன்றியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அது என்னைப் பிடித்துக்கொண்டது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

இது ஒரே ஓவியமா? இணையத்தில் தேடினால் இரண்டு மூன்று வருகிறதே?

ஒரே தலைப்பில் சில ஓவியங்கள் இருப்பதால் வரும் குழப்பம் அது. முக்கியமானவை மூன்று. முதலாவது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1878-79 வாக்கில் வரைந்தது. மற்ற இரண்டும் 1885-ஐ ஒட்டியவை. ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், இன்னொன்று சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டிலும் இருக்கின்றன. எல்லாமே கித்தானில் எண்ணெய் வண்ணம். நியூயார்க் ஓவியம் சுமார் 73 செ.மீ. உயரம், 100 செ.மீ. அகலம். சிகாகோ ஓவியம் உயரத்தில் அதைவிட ஒரு ஏழு செ.மீ. கூடுதல்.

இந்தப் பக்கத்தில் 'ஓவியம்' என்று மட்டும் சொன்னால் நியூயார்க்கில் இருப்பதைத்தான் சொல்கிறேன். மற்றவற்றைப் பற்றிப் பேசும்போது ஊரைச் சேர்த்துச் சொல்கிறேன்.

படத்தில் என்ன இருக்கிறது?

மேட்டில் நின்று கீழே பார்க்கிறோம். காலடியில் ஊர்: மஞ்சளும் பழுப்புமாகச் சுவர்கள், செங்காவி ஓட்டுக் கூரைகள், இடையிடையே பச்சை. வீடுகளுக்கு நடுவே ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கி எழுந்து நிற்கிறது. வீடுகள் முடியும் இடத்தில் கடல் தொடங்கிவிடுகிறது. மணல்வெளி, கட்டுமரம், வலை என்று இடையில் ஒன்றும் கிடையாது. ஓட்டின் விளிம்பு முடிந்ததும் நீலம்தான். அந்த நீலம் படத்தின் நடுப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அதற்கு அப்பால் வளைகுடாவின் எதிர்க்கரை, மார்செய் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், குன்றின் மேல் நோத்ர்-தாம் த லா கார்த் தேவாலயம், அதன் பின்னே நீலமும் ஊதாவும் கலந்த மலைகள். கடைசியாக மேலே கொஞ்சம் வானம்.

தேவாலயத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மாலுமிகள் நேர்ந்துகொள்ளும் கோயில் அது, மார்செய் நகரத்தின் அடையாளமே அதுதான். இப்போதுள்ள கட்டடத்துக்கு 1864-இல் அபிஷேகம் நடந்தது. ஆகவே செசான் வரைந்தபோது அது புதுக் கட்டடம். அத்தனை புகழ்பெற்ற கோயிலை அவர் ஒரு சின்னத் தீற்றலாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மனிதர் ஒருவரும் இல்லை.

லெஸ்தாக் எங்கே இருக்கிறது?

பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரத்தில், மார்செய் நகரத்துக்கு வடமேற்கே. செசான் காலத்தில் அது மீனவர்களும் ஓட்டுத் தொழிலாளர்களும் வாழ்ந்த சிற்றூர். பின்னால் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளும் பைன் மரங்களும், முன்னால் வளைகுடா. செசான் பிறந்த எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரம் மார்செய்க்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது. லெஸ்தாக் இன்று மார்செய் மாநகரின் 16-ஆவது வட்டாரத்துக்குள் அடங்கிவிட்டது.

அங்கே அவர் ஏன் போனார்? கடலழகைப் பார்க்கவா?

முதலில் ஒளிந்துகொள்ளப் போனார்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. செசானுக்கு அப்போது 31 வயது. படைக்கு ஆள் எடுக்கும் நேரத்தில், பாரிஸில் பழக்கமான ஒர்தான்ஸ் ஃபிகே என்ற பெண்ணோடு லெஸ்தாக்குக்கு வந்து தங்கிவிட்டார். அந்தக் குளிரில் அங்கே வரைந்த ஒரு படத்தில் பனி உருகி ஓடுகிறது, சரிவு முழுவதும் கறுத்துப்போய்க் கீழே இழுபடுவதுபோல இருக்கிறது. நம் ஓவியத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கை வரைந்தது என்று நம்புவது கஷ்டம்.

ஒளிந்தது படைக்கு மட்டும் அல்ல, அப்பாவுக்கும்தான். அப்பா லூயி-ஒகுஸ்த் செசான் தொப்பி வியாபாரத்தில் தொடங்கி வங்கி முதலாளியாக உயர்ந்தவர், கறாரானவர். மகனுடைய செலவுக்கு மாதாமாதம் அவர்தான் பணம் கொடுத்துவந்தார். ஒர்தான்ஸ் விஷயம் அவருக்குத் தெரியக்கூடாது. 1872-இல் ஒரு பையனும் பிறந்தான், அதுவும் தெரியக்கூடாது. 1878-இல் செசானுக்கு வந்த ஒரு கடிதத்தை அப்பா பிரித்துப் படித்துவிட்டார். அதில் 'திருமதி செசான்', 'குட்டிப் போல்' என்றெல்லாம் எழுதியிருந்தது. குட்டு உடைந்தது. அப்பா பணத்தில் கைவைத்தார். பள்ளிக்காலத்து நண்பரான எழுத்தாளர் எமில் ஸோலாதான் மாதம் 60 ஃபிராங்க் அனுப்பி அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அந்த ஆண்டு வசந்தத்தில் நடந்த ஒன்றை ஸோலாவுக்கு அவரே எழுதியிருக்கிறார். மார்செயில் இருந்த பையனுக்கு உடம்பு சரியில்லை. வீட்டுக்குத் தெரியாமல் பார்க்கப் போனார். கால அட்டவணையில் இருந்த தவறால் திரும்பும் ரயில் கிடைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அப்பா முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். எக்ஸ் வரைக்கும் நடந்தே போனார், 30 கி.மீ.! ஒரு மணி நேரம் தாமதம். அப்போது அவருக்கு வயது 39.

இதையெல்லாம் நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர்சே ஓவியம் அந்தக் கொந்தளிப்பான மாதங்களை ஒட்டி வந்தது. அதில் கொந்தளிப்பின் சுவடே கிடையாது. நீலம் அப்படியே அசையாமல் நிற்கிறது.

'சீட்டுக்கட்டுப் போல' என்று அவர் சொன்னதற்கு என்ன பொருள்?

1876 ஜூலையில், ஓவியர் கமில் பிஸ்ஸாரோவுக்கு லெஸ்தாக்கிலிருந்து எழுதிய கடிதத்தில் வருகிறது அது. விக்தோர் ஷொக்கே என்ற சுங்க அலுவலர் ஓவியங்கள் சேகரிப்பவர், அவருக்காகக் கடலை வைத்து இரண்டு சிறு படங்கள் தொடங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டு, இந்த இடம் சீட்டுக்கட்டுச் சீட்டைப் போல இருக்கிறது, நீலக் கடலின் மேல் சிவப்புக் கூரைகள் என்று எழுதுகிறார்.

சீட்டில் ராஜா ராணி எப்படி இருப்பார்கள்? பட்டையான நிறங்கள், நிழல் கிடையாது, கனம் கிடையாது. லெஸ்தாக்கின் வெயிலில் அப்படித்தான் தெரிந்தது அவருக்கு. வெயில் அத்தனை உக்கிரமாக அடிப்பதால் பொருள்களெல்லாம் வெறும் வெட்டுருவங்களாகத் தெரிகின்றன, அதுவும் கறுப்பு வெள்ளையில் மட்டுமல்ல, நீலம், சிவப்பு, பழுப்பு, ஊதாவிலும் என்று அதே கடிதத்தில் சொல்கிறார். இது உருட்சிக்கு நேர் எதிரானதாகத் தோன்றுகிறது, நான் தவறாகவும் இருக்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சேர்க்கிறார்.

'உருட்சி' என்று நான் எழுதியது ஓவியப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் ஒரு முறையை. ஒரு பந்தை வரைய வேண்டுமென்றால் வெளிச்சப் பக்கத்திலிருந்து இருட்டுப் பக்கத்துக்குப் படிப்படியாக நிழல் ஏற்றிக்கொண்டு போவார்கள், பந்து உருண்டு வரும். மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து ஐரோப்பிய ஓவியம் நின்றது அந்த நிழலின் மேல்தான். தெற்கத்தி வெயில் அந்த நிழலைத் துடைத்துவிட்டது. நிழல் இல்லாமல் கனத்தைக் காட்டுவது எப்படி? அந்தக் கேள்வியோடுதான் அவர் பத்து ஆண்டுகள் இந்த ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்பது என் எண்ணம். 1885-இன் இரண்டு ஓவியங்களும் அதற்கு அவர் கண்டெடுத்த பதில்கள்.

சரி, என்ன பதில்?

நிழலின் வேலையை நிறத்திடம் கொடுத்தார். ஒரு சுவர் திரும்பும் இடத்தில் அதைக் கறுப்பாக்காமல் வேறு நிறமாக மாற்றினார். மஞ்சள் ஆரஞ்சாகும், ஆரஞ்சு ஊதாவாகும். வெப்பமான நிறம் முன்னே வருவதுபோலவும் குளிர்ந்த நிறம் பின்னே நகர்வதுபோலவும் நம் கண்ணுக்குத் தோன்றும். அந்தத் தோற்றத்தை வைத்தே சுவருக்குத் திருப்பம் கொடுத்தார்.

கூரையும் கடலும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். ஆரஞ்சும் நீலமும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்கள். பட்டுப்புடவை எடுக்கும்போது உடலுக்கும் கரைக்கும் பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீலத்தின் பக்கத்தில் ஓடு இன்னும் சிவக்கிறது, ஓட்டின் பக்கத்தில் கடல் இன்னும் ஆழ்கிறது.

தூரிகை வீச்சுகளும் முக்கியம். ஒரே திசையில் சாய்ந்த சிறு பட்டைகளாக, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்த மாதிரி பூசியிருப்பார். செங்கல் அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். 1870-களின் கடைசியில் இந்தப் பழக்கம் அவர் கையில் நன்றாக உறுதிப்பட்டது. கடல் போன்ற பரப்பில் வீச்சுகள் இன்னும் படுத்துக்கொள்கின்றன.

கடல் ஏன் சுவர் மாதிரி நிற்கிறது? அலையே இல்லையே?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் குறையாகத்தான் கேட்பார்கள்.

கடலை வரைபவர்கள் வழக்கமாக அதைத் தொடுவானம் வரை கொண்டுபோய், கண் நழுவிப்போகும்படி விட்டுவிடுவார்கள். தூரம் போகப்போக நிறம் வெளுக்கும். செசான் இரண்டையும் செய்யவில்லை. உயரத்திலிருந்து பார்ப்பதால் கடல் மேலே ஏறி நிற்கிறது. அப்பால் மலைகள் அடைத்துக்கொள்வதால் கண் நழுவ வழியில்லை. கிட்டே இருக்கும் நீலத்துக்கும் எட்டத்தில் இருக்கும் நீலத்துக்கும் பெரிய வித்தியாசம் வைக்கவில்லை. ஆகவே கடல் ஒரே சமயத்தில் பல கி.மீ. விரிந்த நீர்ப்பரப்பாகவும், கித்தானில் செங்குத்தாக நிற்கும் ஒரு நீலப் பலகையாகவும் தெரிகிறது. கண் இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வருகிறது. அந்த ஊசலாட்டம் எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

அலை இல்லாததற்கு வேறு காரணமும் சொல்லலாம்.  இது மலைகள் சூழ்ந்த வளைகுடா, மேட்டின் மேலிருந்து பார்க்கும் பார்வை. ஆனால் அது பாதி உண்மைதான். நீரில் மினுங்கும் ஒளியை வரைந்த ஓவியர் மொனே அதே இடத்தில் நின்றிருந்தால் நீரில் ஆயிரம் மினுக்கல்களைக் கண்டிருப்பார்.

தூரத்து மலை இவ்வளவு தெளிவாக இருப்பது தவறல்லவா?

தவறு இல்லை. அந்த வட்டாரத்தில் மிஸ்த்ரால் என்று ஒரு வடக்கத்திக் காற்று உண்டு. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் குளிர்ந்து, வறண்டு, வெறியோடு வரும். அது அடித்து ஓய்ந்தால் காற்றில் தூசும் ஈரமும் இருக்காது, வளைகுடாவின் எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். ஆனால் செசானுக்கு அது வசதியாகவும் இருந்தது. மலையின் விளிம்பை நீலக் கோட்டால் அழுத்தி, முன்னால் இருக்கும் கூரைக்கு ஈடாக அதற்கும் கனம் கொடுத்திருக்கிறார்.

இம்ப்ரெஷனிசம், பின்-இம்ப்ரெஷனிசம்: செசான் எதில் வருவார்?

இரண்டிலும் காலடி உண்டு. 1874-இல் பாரிஸில் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியிலும், 1877-இல் நடந்ததிலும் அவர் படங்கள் இருந்தன. வெளிச்சமான நிறங்களைப் பயன்படுத்தவும், வெட்டவெளியில் உட்கார்ந்து வரையவும் அவருக்குப் பழக்கியவர் பிஸ்ஸாரோ. ஆனால் இம்ப்ரெஷனிஸ்டுகளைப் போல அந்த நொடியின் ஒளியைப் பிடிப்பதோடு செசான் நிறைவடையவில்லை. ஒளி மாறினாலும் மாறாமல் இருப்பது எது என்று தேடினார்.

'பின்-இம்ப்ரெஷனிசம்' என்ற பெயர் அவருக்குத் தெரியவே தெரியாது. 1910 நவம்பரில் ரோஜர் ஃப்ரை என்ற விமர்சகர் லண்டனின் கிராஃப்டன் கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தபோது சூட்டிய பெயர் அது. செசான், வான் கோ, கொகேன் மூவரும் அதற்குள் காலமாகியிருந்தார்கள். 'பின்' என்பது காலக்குறிப்பு மட்டுமே. அந்த மூவரும் ஒரே பாணியில் வரைந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரே இடத்தை ஏன் திரும்பத் திரும்ப வரைந்தார்?

மெதுவாக வரைபவர் என்பது முதல் காரணம். ஓவிய வணிகர் வொலார் தன் உருவப்படத்துக்காக 115 தடவை உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். மனிதர்கள் அசைவார்கள், பூக்கள் வாடும், ஆப்பிள் கூட அழுகும். லெஸ்தாக்கில் இருப்பவை பைனும் ஆலிவும், ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காத மரங்கள். பிஸ்ஸாரோவுக்கு எழுதிய அதே கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு, மூன்று நான்கு மாதங்கள் உட்கார்ந்து வரையத்தக்க காட்சிகள் இங்கே கிடைக்கின்றன என்கிறார். அவர் போன்ற ஆளுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.

1883 மே மாதம் ஸோலாவுக்கு எழுதியது இன்னொன்று. ரயில் நிலையத்துக்குச் சற்று மேலே, பாறையும் பைன் மரங்களும் தொடங்கும் குன்றின் அடியில், தோட்டத்தோடு ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறேன் என்கிறார். சூரியன் சாயும் நேரம் மேலே ஏறினால் மார்செயும் தீவுகளும் அந்தி வெளிச்சத்தில் மூழ்கிக் கிடப்பது அற்புதம் என்கிறார். அதே கடிதத்தில், பார்வைக்கு அழகான இடம் கிடைத்தாலே அது வரைவதற்கான பொருளாகிவிடாது என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கிறது. அழகாக இருக்கிறது என்பதற்காக எதையும் அவர் வரைந்துவிடவில்லை.

என்னென்ன வண்ணங்கள் பயன்படுத்தினார்?

இந்தக் குறிப்பிட்ட ஓவியத்துக்கு என்று சொல்லாமல் பொதுவாகச் சொல்கிறேன். 1904-இல் அவரைச் சந்தித்த இளம் ஓவியர் எமில் பெர்னார் அவருடைய வண்ணத் தட்டில் இருந்தவற்றைக் குறித்துவைத்தார். மஞ்சளில் ஐந்து, சிவப்பில் ஆறு, பச்சையில் மூன்று, நீலத்தில் மூன்று, ஒரு கறுப்பு. நீலங்கள்: கோபால்ட், அல்ட்ராமரீன், பிரஷ்யன். அல்ட்ராமரீன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து லேப்பிஸ் லசூலி என்ற நீலக் கல்லை அரைத்து எடுத்தது, பொன் விலை விற்றது. 1820-களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அது நடந்திருக்காவிட்டால் இவ்வளவு பெரிய கடலை ஒருவர் தாராளமாக நீலத்தால் நிரப்பியிருக்க முடியாது. உலோகக் குழாயில் வண்ணம் அடைக்கும் வழக்கம் 1841-இல் வந்தது, குன்றின் மேல் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைய முடிந்தது அதனால்தான்.

அந்தப் புகைபோக்கி எதற்கு? காட்சியைக் கெடுக்கவில்லையா?

கெடுப்பதாக அவர் நினைத்திருந்தால் விட்டுவிட்டு வரைந்திருப்பார். லெஸ்தாக்கையும் அதை ஒட்டிய சேன்-ஆன்ரி, சேன்-ஆந்த்ரே ஊர்களையும் உள்ளடக்கிய பகுதி ஓட்டுத் தொழிலுக்குப் பேர்போனது. நல்ல களிமண், பக்கத்திலேயே துறைமுகம். அங்கே சுட்ட மார்செய் ஓடுகள் கப்பலேறி ஆஸ்திரேலியா வரை போயின. ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் தட்டை ஓடுகள் அவை, மங்களூர் ஓட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை புதிதல்ல.

ஓர்சே ஓவியத்தில் புகையே வருகிறது. படமாகப் பார்த்தால் அந்தச் செங்குத்துக் கோடு ஒரு வேலை செய்கிறது. மற்றதெல்லாம் படுக்கை: கூரை வரிசை படுக்கை, கடல் படுக்கை, மலைத்தொடர் படுக்கை. நிமிர்ந்து நிற்பது புகைபோக்கிதான். கரையில் காலூன்றித் தலையைக் கடலின் நீலத்துக்குள் நீட்டி இரண்டையும் தைத்து வைக்கிறது.

ரெனுவாரும் மொனேயும் அங்கே வந்தார்களா?

வந்தார்கள். 1882 தொடக்கத்தில் ஓவியர் ரெனுவார் வந்து செசானோடு வரைந்தார். அங்கேயே அவருக்கு நிமோனியா கண்டது. செசானும் அவர் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். அம்மா சமைத்துக்கொடுத்த பிரான்டாத் என்ற கருவாட்டுப் பதார்த்தத்தை, உப்பிட்ட காட் மீனை ஆலிவ் எண்ணெய் விட்டு மசித்துச் செய்வது அது, ரெனுவார் ஷொக்கேக்கு எழுதிய கடிதத்தில் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். 1883 டிசம்பரில் மொனேயும் ரெனுவாரும் சேர்ந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரோடும் ஒட்டாத முரடர் என்று செசானைப் பற்றிச் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கருவாட்டுத் தட்டு ஞாபகம் வரும்.

கியூபிசம் இந்த ஊரில்தான் பிறந்தது என்கிறார்களே?

கொஞ்சம் மிகைதான், ஆனால் அடிப்படை இல்லாத பேச்சு அல்ல. 1906-இல் செசான் இறந்தார். வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் மாட்டி, மயங்கி விழுந்து, சில நாள்களில் நிமோனியாவால் போய்விட்டார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜோர்ஜ் ப்ராக் என்ற 24 வயது ஓவியர் லெஸ்தாக் வந்தார். ஆந்திரே தெரேனும் அந்த ஆண்டு அங்கே வரைந்திருக்கிறார். அவர்கள் இருவரும் அப்போது நிறங்களை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

1907-இல் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் செசானின் 56 படைப்புகளை ஒன்றாக வைத்தார்கள். இயற்கையை உருளை, கோளம், கூம்பு வழியாக அணுகுங்கள் என்று 1904-இல் பெர்னாருக்கு அவர் எழுதிய கடிதமும் அந்த ஆண்டே அச்சில் வந்தது. ஓர் இளம் தலைமுறையையே அது உலுக்கியது. ப்ராக் 1908 கோடையில் மறுபடி லெஸ்தாக் போனார். இந்த முறை கடலே இல்லை. வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கதவு, சன்னல் எதுவும் வைக்காமல் பெட்டி மேல் பெட்டியாகக் குன்றில் அடுக்கினார். நிறம் பழுப்பும் பச்சையுமாக வற்றிப்போனது. 'லெஸ்தாக் வீடுகள்' என்ற அந்த ஓவியம் இப்போது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் இருக்கிறது. அந்தத் தொகுப்பை இலையுதிர்காலக் கண்காட்சியின் நடுவர்கள் ஏற்கவில்லை. நவம்பரில் ஓவிய வணிகர் கான்வைலர் தன் சிறிய கூடத்தில் வைத்தார். ப்ராக் எல்லாவற்றையும் கனசதுரங்களாக்கிவிடுகிறார் என்று விமர்சகர் லூயி வொக்செல் எழுதினார். கியூபிசம் என்ற பெயர் அந்தப் பேச்சிலிருந்து கிளைத்தது.

இப்போது நம் ஓவியத்தின் முன்பக்க வீடுகளுக்குத் திரும்பி வாருங்கள். ப்ராக் வரைந்த பெட்டிகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. 23 ஆண்டுகள் முன்னதாகவே, வெயிலோடும் கடலோடும்.

பிக்காசோவும் ஒரு லெஸ்தாக் கடலைத் தன் சொந்தச் சேகரிப்பில் வைத்திருந்தார். மரங்களுக்குப் பின்னால் கடல் தெரியும் படம். இன்று பாரிஸின் பிக்காசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றில் எது சிறந்தது?

என் தேர்வு நியூயார்க். சிகாகோ ஓவியம் இன்னும் துணிச்சலானது. ஊர், நீர், மலை, வானம் என்று நான்கு பட்டைகளாக வெட்டி வைத்திருக்கிறார், தூர நின்று பார்த்தால் கிட்டத்தட்ட அருவ ஓவியம். அதை மேலே வைப்பவர்கள் நிறையப் பேர், அவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் நியூயார்க் ஓவியத்தில் எதிர்க்கரையின் அந்தச் சின்னஞ்சிறு விவரங்களும் முன்பக்கத்துப் பெரிய பெட்டிகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் சமநிலை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. ஓர்சே ஓவியத்தில் தேடல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இவை அருங்காட்சியகங்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன?

ஓர்சே ஓவியம் குஸ்தாவ் கய்பொத் என்ற ஓவியரிடம் இருந்தது. 1894-இல் அவர் இறந்தபோது தன் சேகரிப்பை அரசுக்கு எழுதி வைத்தார். பெரிய சர்ச்சைக்குப் பின் அரசு ஒரு பகுதியை மட்டும் ஏற்றது, அதில் இதுவும் தப்பித்து வந்தது. நியூயார்க் ஓவியம் ஹேவ்மெயர் குடும்பத்தின் கொடையாக 1929-இலும், சிகாகோ ஓவியம் ரையர்சன் தம்பதியரின் சேகரிப்பிலிருந்து 1933-இலும் வந்தவை. விலை கேட்பவர்களுக்கு: இவை விற்பனைக்கு இல்லை. ஒப்பீட்டுக்கு வேண்டுமானால், லெஸ்தாக்கையும் வளைகுடாத் தீவில் இருக்கும் ஈஃப் கோட்டையையும் காட்டும் இன்னொரு செசான் 2015-இல் லண்டன் ஏலத்தில் 1 கோடியே 35 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது.

இப்போது லெஸ்தாக் போனால் இந்தக் காட்சி தெரியுமா?

வளைகுடாவும் எதிர்க்கரை மலைகளும் எங்கேயும் போய்விடவில்லை. மார்செய் சேன்-ஷார்ல் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயில் இருக்கிறது. ஆனால் துறைமுகம் இந்தப் பக்கமாக வளர்ந்து, கரையின் பெரும் பகுதி கான்கிரீட்டும் கப்பல் தளமும் ஆகிவிட்டது. செசானே இதைப் பார்த்துப் பொருமினார். 1880-களின் நடுவுக்குப் பிறகு அவர் அங்கே வரைவதை நிறுத்திக்கொண்டார் என்றே சொல்லலாம். 1902-இல் தன் தங்கை மகளுக்கு எழுதிய கடிதத்தில், அத்தனை அழகாக இருந்த லெஸ்தாக் கரையை நினைத்து, முன்னேற்றம் என்ற பேரில் இரண்டுகால் பிராணிகள் படையெடுத்து வந்து எல்லாவற்றையும் அசிங்கமான படித்துறைகளாகவும் விளக்குக் கம்பங்களாகவும் மாற்றிவிடுகின்றன என்று கொதித்தார். புகைபோக்கியைப் பொறுத்துக்கொண்டவருக்கு மின்விளக்கு பொறுக்கவில்லை.

போனால் கரையோரக் கடைகளில் பானிஸ் வாங்கிச் சாப்பிடுங்கள். கொண்டைக்கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரித்தது. அந்த ஊரின் பேர்பெற்ற தின்பண்டம்.

நேரில் பார்க்க வாய்ப்பில்லை. திரையில் எப்படிப் பார்ப்பது?

இந்த மூன்று அருங்காட்சியகங்களின் இணையதளங்களிலும் படம் கிடைக்கிறது. கைபேசியை விடக் கணினித் திரை நல்லது. முதலில் பெரிதாக்காதீர்கள். முழுப் படத்தையும் வைத்துக்கொண்டு ஒரு நிமிடமாவது சும்மா இருங்கள். நிறம் தளத்துக்குத் தளம் மாறும், அதனால் அருங்காட்சியகம் தரும் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து முன்பக்கத்து வீடுகளை மறையுங்கள். கடல் உடனே வெளுத்து, எங்கேயோ மிதக்கத் தொடங்கும். எவ்வளவு தூரம், எவ்வளவு பெரியது என்றே தெரியாது. இப்போது தாளை மெல்லக் கீழே இறக்குங்கள். முதல் கூரையின் ஆரஞ்சு விளிம்பு எட்டிப் பார்க்கும்போது கடலில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.